நகராட்சிப் பணமும் வெளுத்துப்போன ரசீதுகளும்

எங்கள் கோயிலில் முந்நூறு பேருக்குச் சமைக்கிற அண்டாக்கள் நான்கு இருக்கின்றன. காவடிக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் மட்டும் வெளியே வருபவை. 2015 ஏப்ரலில் அவை பத்தொன்பது நாள் அடுப்பை விட்டு இறங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெளிநாட்டவர்மீது வன்முறை வெடித்து, இசிபிங்கோ, சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் ஆகிய இடங்களில் கூடாரம் போட்டு மக்களைத் தங்கவைத்திருந்த நேரம் அது. கூடாரத்துக்குப் போகவும் பயந்த பதினோரு குடும்பங்கள் இரண்டு மினிபஸ்களில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கின. பெரும்பாலும் காங்கோ, புருண்டிக்காரர்கள். யாரோ ஒருவர் அவர்களிடம், “அந்தக் கோபுரம் இருக்கிற இடத்தில் சாப்பாடு போடுவார்கள்” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த முகவரி.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. குவாசுலு-நட்டால் கடற்கரையில், கரும்புக்கு நடுவே இருக்கிற சிறிய ஊர் என்பது போதும். நகராட்சியின் பெயரும் வேண்டாம். கீழே நான் குறை சொல்லப்போகிற அதிகாரிகளில் இருவர் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும்போது இன்றும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்கிறார்கள்.

நான் திருச்சிக்காரி. 1998இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் வீட்டார் நான்காவது தலைமுறை. நட்டாலுக்குக் கரும்பு வெட்ட 1860 முதல் கப்பல் கப்பலாக வந்தவர்களின் வழி. ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு தெரிந்த மருமகள் என்று கோயில் கமிட்டியில் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கமிட்டியில் தமிழில் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் எங்கள் குருக்கள். யாழ்ப்பாணத்துக்காரர். 1995இல் ஊரே பெயர்ந்து போனபோது, கைக்குழந்தையோடு கடல்நீரேரியைத் தாண்டியவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் வேறோர் ஊர்த் தமிழ்ச் சங்கத்தார் தொலைபேசியில் கேட்டார்கள்: “அக்கா, எங்கள் பக்கமும் புதிதாகக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. நகராட்சியில் மானியம் கிடைக்கும் என்கிறார்களே, எப்படி வாங்குவது?” ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். ஐந்து முறை விண்ணப்பித்து, இரண்டு முறை தோற்று, மூன்று முறை ஏதோ கொஞ்சம் வாங்கியவள் எழுதுவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விண்ணப்பம் 2016 மார்ச்சில். ஊரில் இலவசமாக வரும் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில், கார் விற்பனைக்கும் இறுதிச்சடங்கு நிறுவன விளம்பரத்துக்கும் நடுவில், நகராட்சி அறிவிப்பு வந்திருந்தது. சமூக அமைப்புகளுக்கு உதவி மானியம் தருவார்களாம். கோயில் தலைவருக்கு ஒரே உற்சாகம். அவரே ஒரு கடிதம் எழுதினார். அருமையான கடிதம். நம் முன்னோரும் கப்பலில் வந்திறங்கிய ஏதிலிகள்தாம், இன்று நம் வாசலுக்கு வந்தவர்களை எப்படி விரட்டுவது என்று இரண்டு பக்கம். கோயில் ஆண்டுவிழாவில் படித்திருந்தால் பாதிக் கூட்டம் அழுதிருக்கும். திட்டத்தின் பெயர் என்ற இடத்தில் “அகதிகள் மறுவாழ்வு” என்று போட்டு, ஒரு லட்சத்து எண்பதாயிரம் ராண்ட் கேட்டோம்.

மூன்று வரியில் பதில் வந்தது. ஒன்று, அகதிகள் விவகாரம் தேசிய அரசின் பொறுப்பு, நகராட்சியின் அதிகாரத்துக்குள் வராது. இரண்டு, விண்ணப்பித்த அமைப்பின் பெயரில் தண்ணீர்க் கட்டணம் நிலுவை. மூன்று, வார்டு கவுன்சிலரின் பரிந்துரைக் கடிதம் செல்லாது. ஆகஸ்டு 3 உள்ளாட்சித் தேர்தலில் கவுன்சிலர் மாறிவிட்டார். நாங்கள் வைத்திருந்தது தோற்றுப்போனவரின் கடிதம்.

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆனால் மூன்றுமே உண்மை. தண்ணீர் பாக்கியில் பொருளாளர் என்ற முறையில் எனக்கே பங்கு இருந்தது. கோயில் மீட்டரில் கசிவு, பில் தப்பு என்று சண்டை போட்டுக்கொண்டு ஏழு மாதமாகக் கட்டாமல் வைத்திருந்தேன். நகராட்சியோடு பில் சண்டை போடுவதென்றால், சண்டையை எழுத்தில் போடுங்கள். புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தகராறில்லாத தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். எதிரே இருக்கும் கணினிக்கு நியாயம் தெரியாது, நிலுவை மட்டும்தான் தெரியும்.

முதல் காரணம்தான் முக்கியமானது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் அகதி முகாம் வைத்துப் பராமரிக்கிற வழக்கம் கிடையாது. 2015இல் போட்ட கூடாரங்கள் வன்முறைக்கான தற்காலிக ஏற்பாடு. 1998ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் கீழ்த் தஞ்சம் கேட்டு வருகிறவர், இருபத்திரண்டாம் பிரிவின்படி ஒரு தற்காலிக அனுமதித் தாள் வாங்கிக்கொண்டு, நம்மைப் போலவே ஊருக்குள் அறை பிடித்துத்தான் வாழ வேண்டும். அகதி என்று ஏற்றுக்கொண்டால் இருபத்து நான்காம் பிரிவில் வேறு தாள். தாள் கொடுப்பது, மறுப்பது, புதுப்பிப்பது எல்லாம் தேசிய உள்துறையின் வேலை. ஆனால் வந்த ஆள் குடிக்கிற தண்ணீர், அவர் குப்பை, அவர் குழந்தை இருக்கிற பகல் காப்பகம், அவர் தலைமுடி வெட்டுகிற நடைபாதைக் கடை இவையெல்லாம் யாருடையவை? அரசியலமைப்புச் சட்டத்தின் நான்காம், ஐந்தாம் அட்டவணைகளின் இரண்டாம் பகுதியை எடுத்துப் பாருங்கள். குழந்தைப் பராமரிப்பு வசதிகள், நகராட்சி சுகாதாரம், குடிநீர், குப்பை, சந்தை, தெரு வியாபாரம், உள்ளூர் விளையாட்டிடங்கள் என்று உள்ளாட்சியின் வேலைகள் வரிசையாக இருக்கும். “அகதி” என்ற சொல் அங்கே எங்கும் இல்லை. “குழந்தைப் பராமரிப்பு” இருக்கிறது.

ஆகவே 2017இல் நாங்கள் அகதிகளுக்காகப் பணம் கேட்கவில்லை. எங்கள் வார்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பகல் காப்பகம் நடத்தப் பணம் கேட்டோம். இதில் பொய் இல்லை. முப்பத்து நான்கு குழந்தைகளில் இருபத்தொன்று புதிதாக வந்த குடும்பங்களுடையவை. மீதி இந்த மண்ணின் சுலு இனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள். நிஜத்தில் நடந்துகொண்டிருந்ததும் அதுதான். காங்கோக்காரப் பெண் வேலை தேடிப் போக வேண்டுமானால் முதலில் இடுப்பில் இருக்கும் குழந்தையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். இடத்தைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டுக்காரியும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். கப்பல் பேச்சு கோயிலுக்குள் நன்கொடை திரட்ட உதவும். நிதி அதிகாரிக்கு வேண்டியது எந்த அட்டவணை, எந்த வார்டு, எத்தனை தலை.

அந்த ஓர் ஆண்டில் வேறு சில வேலைகளையும் முடித்தோம். கோயிலின் பெயரில் விண்ணப்பிப்பதை விட்டுவிட்டுத் தனி அமைப்பு தொடங்கி, 1997ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தில் பதிவு செய்தோம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகர் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஆண்டுதோறும் கணக்கு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். பலர் பதிவு செய்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டிவிட்டு, இதை மறந்துபோகிறார்கள். மறந்தால் பதிவே ரத்தாகலாம். தனி வங்கிக் கணக்கு திறந்தோம், இரண்டு பேர் கையெழுத்து. வந்த குடும்பங்களிலிருந்து ஒரு பெண்ணைக் கமிட்டியில் சேர்த்தோம். அவர் கையெழுத்தும் வங்கியில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் அவருடைய அனுமதித் தாள் சில மாதங்களுக்கொரு முறை காலாவதியாகிறது. தாள் காலாவதியானால் வங்கி கணக்கையே முடக்கிவிடும் என்று தெரிந்ததும் அந்த யோசனையைக் கைவிட்டோம். கமிட்டியில் அவருக்கு ஓட்டு இருக்கிறது, காசோலையில் கையெழுத்து இல்லை. எனக்கு இன்றும் உறுத்துகிற ஏற்பாடு.

காப்பகம் என்று சொல்லிவிட்டால் சுகாதார ஆய்வாளர் வருவார். அவரைப் பகைவராகப் பார்க்காதீர்கள். அளவு நாடாவோடு வந்தவர் எங்கள் கூடத்தை அளந்தார். கட்டிடத்துக்குள் ஒரு குழந்தைக்கு ஒன்றரை சதுர மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டார். தீயணைப்புக் குடுவையைத் தலைகீழாகப் பிடித்துத் தேதி பார்த்தார். குழந்தைகளுக்குத் துணி மாற்றுகிற மேசை சமையலறைக் கதவிலிருந்து நான்கடி தூரத்தில் இருந்ததைக் கண்டு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே மேசையை அன்று மாலையே மாற்றினோம். விண்ணப்பத்தோடு அவர் சான்றிதழை இணைத்தபோது எங்கள் கோப்பின் மரியாதையே வேறாகிவிட்டது.

இரண்டாவது முறை நாற்பதாயிரம் ராண்ட் அனுமதித்தார்கள். கேட்டது அதைப்போல மூன்று மடங்கு. அனுமதிக் கடிதம் செப்டம்பரில் வந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். முட்டாள்தனம். கடிதத்தைக் காட்டி எந்தக் கடையில் பால் பவுடர் கொடுப்பார்கள்? ஒப்பந்தம் கையெழுத்தானது நவம்பரில். வங்கி விவரம் சரிபார்க்க ஒரு படிவம், அது தொலைந்துபோய் இன்னொரு படிவம். டிசம்பர் நடுவில் இந்த நாடே கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும், ஜனவரி இரண்டாம் வாரம்தான் திரும்பும். பணம் கணக்கில் ஏறியது மார்ச் 9. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. மார்ச்சில் வந்த பணத்தை ஜூனுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும், மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துத் தேதிக்கு முன் செய்த செலவு எதையும் மானியத்தில் கழிக்கக் கூடாது. கடிதத்தை நம்பி செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை பாலுக்கும் ரொட்டிக்கும் கோயில் உண்டியலிலிருந்து கைமாற்றாக எடுத்திருந்தேன். பதினோராயிரம் ராண்ட். அது கோயிலின் தலையிலேயே விழுந்தது. பொதுக்குழுவில் நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. என் அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பாடு போடும்போது, “உன் கடை முதலாளிக்கு இப்படிக் கணக்கு எழுதுவாயா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் நகராட்சியின் நாள்காட்டியை உட்கார்ந்து படித்தேன். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் சொல்கிற நாள்காட்டி இது. அடுத்த ஆண்டுக்கான வரைவு பட்ஜெட்டை ஆண்டு தொடங்க 90 நாள் முன்னதாக, அதாவது மார்ச் கடைசிக்குள் மன்றத்தில் வைத்தாக வேண்டும். பிறகு பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். மே முடிவதற்குள் இறுதி பட்ஜெட்டை மன்றத்தின் முன் வைத்துவிட வேண்டும். வெளி அமைப்புகளுக்குத் தரப்போகும் மானியங்களின் விவரம் பட்ஜெட் ஆவணத்திலேயே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எஸ்ஏ 21 என்று ஓர் அட்டவணை. நூலகத்தில் அந்தக் கனத்த புத்தகத்தைப் பிரித்து அந்த ஒரு பக்கத்தை நகலெடுங்கள். மானியத்துக்கு மொத்தம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், போன ஆண்டு எவ்வளவு செலவானது என்று தெரியும். எங்கள் நகராட்சியில் அந்த மொத்தத் தொகையைப் பார்த்ததும் நான் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்டதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. முழுத் தொகையில் கிட்டத்தட்டப் பாதியை நாங்களே கேட்டிருந்தோம்.

ஆக, பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டும். ஜனவரியில் கவுன்சிலரைப் பார்ப்பது, பிப்ரவரியில் விலைப்பட்டியல்கள் வாங்குவது, ஏப்ரலில் வரைவு பட்ஜெட்டுக்கு எழுத்தில் கருத்துக் கொடுப்பது. ஜனவரி 25க்குள் நகராட்சி அரையாண்டு ஆய்வு செய்து, பிப்ரவரி முடிவதற்குள் திருத்திய பட்ஜெட் போடுவது வழக்கம். ஏதாவது ஒரு துறையில் செலவாகாத பணம் தேங்கியிருந்தால் அது இடம் மாறுவது அப்போதுதான். 2019இல் எங்களுக்குக் கிடைத்த இருபத்தையாயிரம் அப்படி வந்தது. கேட்கிற நேரத்தில் கேட்க ஆள் இருந்தோம், அவ்வளவே.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை இங்கே இம்பிசோ என்பார்கள். ஏப்ரல் மாத மாலை, சமூகக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசியில் ஆளுக்கொரு ரொட்டியும் ஜூஸும். நான் எழுந்து காப்பகத்தைப் பற்றிப் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒரு சுலுப் பாட்டி எழுந்தார். கோகோ என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள், பாட்டி என்று அர்த்தம். “என் மகனுக்கு ஆறு ஆண்டாக வேலையில்லை. நேற்று வந்தவன் என் தெருவில் கடை வைத்திருக்கிறான். அவன் பிள்ளைக்கு நான் வரி கட்டி ரொட்டி கொடுக்க வேண்டுமா?” என்றார். கூட்டம் கைதட்டியது. என்னிடம் பதில் இல்லை. இருந்த பதில்கள் எல்லாம் துண்டறிக்கையில் அச்சடிக்க நன்றாக இருக்கும், அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய், பேத்தியைக் காப்பகத்தில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். வெளிநாட்டவரைப் பற்றி இன்றுவரை அவர் நல்ல வார்த்தை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை ஒரு நாளும் ஏழரை மணி தவறியதில்லை. ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்காமல் உள்ளாட்சிப் பணத்தைத் தொடாதீர்கள். தொட்டால் அடுத்த கலவரத்தில் உங்கள் காப்பகம்தான் முதலில் எரியும். இதைக் கசப்பாகத்தான் சொல்கிறேன், ஆனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

மானியத்துக்காகத் திட்டத்தை வளைக்காதீர்கள் என்பதற்குச் சாட்சியாக ஆறு தையல் இயந்திரங்கள் எங்கள் மயில் வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. 2018இல் ஓர் அதிகாரி, “தொழிற்பயிற்சி என்று கேளுங்கள், தையல் என்றால் உடனே கிடைக்கும்” என்றார். கேட்டோம், கிடைத்தது. வந்திருந்த ஆண்கள் முடிதிருத்துகிறவர்கள், பெண்கள் சடை பின்னுகிறவர்கள். தையல் யாருக்கும் வேண்டாம். கேட்டுப் பார்த்தோமா? இல்லை. மானியத்தில் வாங்கிய பொருள் என்பதால் விற்கவும் முடியாது. ஆண்டுக்கொரு முறை ஆறும் இருக்கின்றன என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

இப்போது குருக்கள். மானிய ஒப்பந்தத்தோடு பயனாளிகள் பட்டியல் என்று ஒரு படிவம் வரும். பெயர், முகவரி, அடையாள எண். இந்நாட்டு அடையாள எண்ணுக்குப் பதின்மூன்று இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி. படிவத்திலும் பதின்மூன்று சிறு கட்டங்கள். தஞ்சம் கோரி வந்தவரின் தாளில் அப்படி ஓர் எண் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோப்பு எண்தான் இருக்கும், அது எந்தக் கட்டத்திலும் அடங்காது. கவுன்டரில் இருந்த இளம்பெண் நல்லவள். “ஆன்ட்டி, காலியாக விட்டால் கணினி ஏற்காது. எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டுவிடுங்களேன்” என்றாள். பேனாவை எடுத்தும்விட்டேன். கணக்கெழுதுகிறவளுக்கு ஒரு பழக்கம், எதை எழுதினாலும் அதைத் தணிக்கையாளர் படிப்பது காதில் விழும். இருபத்தொரு பேருக்குப் பதின்மூன்று பூஜ்யம் என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஆளே இல்லாமல் பணம் எடுத்திருக்கிறார்கள் என்றுதான். பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மாலை மடப்பள்ளியில் குருக்களிடம் சொன்னேன். வடை மாவை வழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், “பிள்ளை, எண்ணை விடுங்கள், பெயரையே ஏன் கொடுக்கிறீர்கள்?” என்றார். “வன்னியில் எங்களுக்கு நிவாரண அரிசி தந்தார்கள். நல்ல அரிசிதான். ஆனால் ஒருவன் மேசைமேல் ஏறி நின்று பட்டியலை உரக்க வாசிப்பான். பெயர், ஊர், எத்தனை உருப்படி. வரிசையில் யார் நின்று கேட்கிறார்கள் என்று அவனுக்குக் கவலையில்லை. எங்களுக்கு இருந்தது. என் தம்பி பெயர் வந்த நாள்களில் நாங்கள் அரிசி வாங்கப் போகவில்லை.” அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் பட்டியல் நகராட்சியில் எத்தனை மேசை மாறும், எந்த மன்றக் கூட்டத்தின் இணைப்பாக அச்சாகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எந்த நாட்டிலிருந்து எவருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அவர்களுடைய ஆட்கள் இந்த ஊரிலும் இருக்கலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் வேலை கொஞ்சம் சுலபமானது. அதற்கு முன்பே நாங்கள் ஒரு வழி கண்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஓர் இணைப்புப் பத்தி கேட்டோம்: நகராட்சிக்கு வயது, ஆண்-பெண், வார்டு வாரியாக எண்ணிக்கை மட்டும் தருவோம். பெயர்ப் பதிவேடு எங்களிடம் பூட்டில் இருக்கும். அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம், தலையை எண்ணலாம், நகலெடுக்கக் கூடாது. மூன்று வாரம் இழுத்தடித்துச் சம்மதித்தார்கள். கையெழுத்துக்குப் பிறகு கேட்டிருந்தால் நடந்திருக்காது. கெஞ்சினாலும் வாதாடினாலும், அதை மை காய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

2020 மார்ச் 26 நள்ளிரவிலிருந்து ஊரடங்கு. உணவுப் பொதி கொடுத்த பல இடங்களில் பதின்மூன்று இலக்க எண் கேட்டார்கள். மே மாதம் அரசு 350 ராண்ட் நிவாரணம் தொடங்கியபோதும் தஞ்சம் கோரியவர்களுக்கு அதில் இடமில்லை. கேப் டவுனின் ஸ்கலாபிரினி மையம் வழக்குப் போட்டு, ஜூனில் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த மூன்று மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது மானியமல்ல, அண்டாக்கள். நகராட்சிப் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசி வந்த நாளில் அது வராது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் செலவை வேறு கையில் வைத்திருக்கிறவர்கள்தாம் மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பணத்தைவிட இடத்தைக் கேளுங்கள். நகராட்சியிடம் பணம் எப்போதும் குறைவு, பூட்டிக் கிடக்கிற அறைகள் ஏராளம். செவ்வாய், வியாழன் மாலைகளில் நூலகத்தின் பின்னறை எங்களுக்கு வாடகையில்லாமல் கிடைத்தது. புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலமும் சுலுவும் அங்கேதான் சொல்லித்தருகிறோம். ஆண்டுக்கணக்கில் வாடகை போட்டுப் பார்த்தால் இதுவரை வாங்கிய எல்லா மானியத்தையும்விட அது பெரிய தொகை. அதற்கு மாதாந்தர அறிக்கை கிடையாது, ஜூன் 30 கிடையாது. நகராட்சியின் கட்டணப் பட்டியல் புத்தகத்திலேயே சமூக அமைப்புகளுக்குச் சலுகை வாடகை என்று ஒரு வரி இருந்தது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை.

பணம் வாங்குவதென்றால் அறிக்கை தவிர்க்க முடியாது. அந்த நிதி மேலாண்மைச் சட்டத்தின் அறுபத்தேழாம் பிரிவுதான் நம் கழுத்துக் கயிறு. வெளி அமைப்புக்குப் பணம் தருவதற்கு முன், மாதந்தோறும் செலவுக் கணக்கு, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, முறையான நிர்வாகம் இவற்றுக்கு அந்த அமைப்பு ஒப்புக்கொண்டதா என்று நகராட்சி உறுதிசெய்ய வேண்டும். ஏழைகளுக்கு வேலை செய்கிற அமைப்புக்குத் தருகிற சிறு தொகை என்றால் இதில் தளர்வு காட்ட அதே பிரிவில் இடம் உண்டு. எங்கள் அதிகாரிக்கு அது தெரியாது, நாங்கள் பிரிவு எண்ணோடு எழுதிக் கேட்டபோது படித்துவிட்டுத் தலையசைத்தார். ஆனாலும் நான் மாதாமாதம் அனுப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நானே ஒழுங்காக எழுத மாட்டேன்.

எழுதுவதிலும் ஒரு பாடம் படித்தேன். முதல் ஆண்டு ரசீதுகளை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு, கூடத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். எங்கள் ஊரின் பிப்ரவரி வெயிலும் புழுக்கமும் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மே மாதம் டின்னைத் திறந்தால், கடைச் சீட்டுகளில் பாதி வெள்ளைத் தாள். சூடு பட்டு அச்சாகிற காகிதம் சூடு பட்டே வெளுத்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் “பால்” என்பதன் நிழல் தெரிகிறது, விலை தெரியவில்லை. கடை கடையாகப் போய் நகல் கேட்டேன். இரண்டு கடைகள் கொடுத்தன. மீதிக்கு நாலாயிரத்துச் சொச்சம் ராண்ட் மானியத்திலிருந்து வெட்டப்பட்டது. குறை சொல்ல யாருமில்லை.

இப்போது அந்தப் பொறுப்பு என்னிடம் இல்லை. கமிட்டியில் ஓட்டு மட்டும் உள்ள, காசோலையில் கையெழுத்தில்லாத அந்தப் பெண், புருண்டியின் புஜும்புராவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ரசீது வந்த அன்றே நகலெடுத்து, தேதி வாரியாக ஒட்டி, ஓரத்தில் எதற்கு என்று எழுதிவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை குருக்கள் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து, சாலையோரத்தில் வாங்கியது, முப்பது ராண்ட் என்றார். அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கையை நீட்டினார். ரசீது இல்லை என்றதும் பழத்தை வாங்கிக்கொண்டார், முப்பது ராண்டைக் கொடுக்கவில்லை. குருக்கள் என்னைப் பார்த்தார். நான் குனிந்து வேறெதையோ தேடிக்கொண்டிருந்தேன்.